நன்றி சொல்ல ஏழு நிமிடம்

"நல்லதையே நினை, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, ஒருக்களித்துப் படுக்கவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் நல்லதாக எதை நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை போயிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வலி தொடங்கிவிடும். "உயிரோடு இருப்பதற்கே நன்றி சொல்லணும்" என்ற அறிவுரையும் அவ்வப்போது வரும். யாருக்கு, எதற்கு என்று திருப்பிக் கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

அந்த நிலையிலிருந்து நான் மெல்ல மெல்ல வெளியே வர மூன்று விஷயங்கள் உதவின: பழைய கதைகள், ஒரு பென்சில், பேச்சுப் போட்டி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் மனநல ஆலோசகரும் செய்த வேலையை இவை செய்யவில்லை, செய்யவும் முடியாது. மனம் ரொம்பவே தளர்ந்திருப்பவர்கள் அந்த உதவியை முதலில் தேடிக்கொள்ளுங்கள். இது அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்.

படுத்தே கிடப்பவருக்குக் காதுதான் முக்கியமான உறுப்பு. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்பதால் ராமாயணச் சொற்பொழிவுகளைக் கேட்க ஆரம்பித்தேன். பக்தி என்று சொல்ல முடியாது, பொழுது போக வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கேட்டதில் மகேந்திர மலைக் கட்டம் என்னைப் பிடித்து நிறுத்தியது.

கடற்கரையில் வானர வீரர்கள் கூடியிருக்கிறார்கள். சீதை இலங்கையில் இருப்பது தெரிந்துவிட்டது. நடுவில் நூறு யோசனைக் கடல் (யோசனை என்பது அந்தக் காலத் தூர அளவு). வால்மீகி இங்கே ஒரு கணக்கு வைக்கிறார். ஒருவர் பத்து யோசனை தாண்டுவேன் என்கிறார், அடுத்தவர் இருபது என்கிறார், இப்படியே ஏறிக்கொண்டு போகிறது. முதியவரான ஜாம்பவான் தன்னால் இப்போது தொண்ணூறுதான் முடியும் என்கிறார். அங்கதன் நூறு தாண்டுவேன், ஆனால் திரும்பி வர முடியுமா என்பது சந்தேகம் என்கிறான். இத்தனை பேச்சுக்கும் நடுவில் அனுமன் ஓரமாக, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். ஜாம்பவான் அவனிடம் போய், ஏன் தனியே ஒதுங்கிப் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறார். அப்புறம் அவனுடைய பிறப்பைச் சொல்கிறார், குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழம் என்று நினைத்து அவன் வானத்தில் பாய்ந்ததைச் சொல்கிறார். அதைக் கேட்டபிறகுதான் அவன் எழுந்து வளர்கிறான்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் இதுவரை அதை அனுமனின் பலத்தைப் பற்றிய கதையாகவே கேட்டிருந்தேன். படுக்கையில் கிடந்தபோதுதான் ஜாம்பவான் கண்ணில் பட்டார். அவர் அனுமனிடம் "தைரியமாக இரு" என்று சொல்லவில்லை. "உன்னால் முடியும்" என்று மொட்டையாகவும் சொல்லவில்லை. ஆதாரம் கொடுத்தார். நீ இன்னாருக்குப் பிறந்தவன், இன்ன வயதில் இன்னதைச் செய்தவன் என்று நடந்ததை அடுக்கினார். அனுமனுக்கு நம்பிக்கை அவனுக்குள்ளிருந்து ஊறி வரவில்லை. வெளியிலிருந்து, விவரம் தெரிந்த ஒரு வயதானவர் வாய் வழியாக வந்தது. எனக்குள் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் சலித்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். அனுமனுக்கே இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நான் எம்மாத்திரம்!

இன்னொரு கதையும் அந்தக் காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டது. அது கிரேக்கக் கதை. ஃபிலொக்டீடிஸ் என்ற வில்லாளி டிராய் போருக்குப் போகும் வழியில் பாம்பு கடித்துக் காலில் ஆறாத புண்ணோடு அவதிப்படுகிறான். அந்த நாற்றத்தையும் அலறலையும் தாங்க முடியாமல் கூட வந்தவர்கள் அவனை லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பத்து வருடம் கழித்து, அவனும் அவனிடம் இருக்கும், மாவீரன் ஹெராக்ளிஸின் வில்லும் இல்லாமல் டிராய் விழாது என்று தெரிந்ததும் தேடிக்கொண்டு வருகிறார்கள், அதுவும் ஏமாற்றி அழைத்துப்போக. சோஃபக்ளீஸ் இதை நாடகமாக எழுதி, கி.மு. 409-இல் ஏதென்ஸின் நாடகப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல். ஆம், போட்டிதான். அந்தப் பெரிய துயர நாடகங்களில் பெரும்பாலானவை தியோனிசஸ் என்ற கிரேக்கக் கடவுளின் விழாவில் நடுவர்கள் முன்னால் ஒன்றோடொன்று மோதியவை. புராணம், கலை, போட்டி மூன்றும் ஒரே மேடையில் இருந்த காலம் அது.

அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்தது ஃபிலொக்டீடிஸின் கோபம். அவன் கத்துகிறான், சபிக்கிறான், வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். சோஃபக்ளீஸ் அதற்கெல்லாம் நிறைய இடம் கொடுக்கிறார். கடைசியில், தெய்வமாகிவிட்ட ஹெராக்ளிஸே தோன்றி, நீ போ, உன் புண் ஆறும் என்று சொன்ன பிறகுதான் கிளம்புகிறான். கிளம்பும்போது அவன் பேசும் கடைசிப் பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டு நான் அழுதேன். இத்தனை வருடம் தன்னை வாட்டிய அந்தத் தீவிடம் விடைபெறுகிறான். என்னோடு விழித்திருந்த குகையே, ஊற்றுகளே, கடலின் இரைச்சலே என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விடைபெறுகிறான்.

நோயாளியிடம் எல்லோரும் முதலில் கேட்பது நன்றியை. இந்தக் கதை அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது. முதலில் கோபம், அப்புறம் யாரோ வந்து சொல்லும் நம்பிக்கை, நன்றி கடைசியில். போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஃபிலொக்டீடிஸால் அந்தக் குகையைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. என் அனுபவமும் அதேதான். வலி குறையத் தொடங்கும் முன் நன்றிப் பட்டியல் எழுதச் சொன்னார்கள், நானும் எழுதிப் பார்த்தேன். காற்று, வெளிச்சம், குடும்பம் என்று எல்லாம் வாடகை ரசீது மாதிரி வரிசையாக நின்றன, மனதில் ஒன்றும் அசையவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். நாளாகட்டும்.

பென்சில் வந்தது இதற்கு நடுவில். உட்காரும் நேரம் கொஞ்சம் கூடியதும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. எனக்கு வரையத் தெரியாது. தெரியாதவர்களுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது: தாளைப் பார்க்கவே கூடாது. கண் பொருளின் விளிம்பில் மெதுவாக நகர வேண்டும், அதே வேகத்தில் பென்சில் தாளில் நகர வேண்டும். முடியும்வரை கையைத் தூக்கக் கூடாது. ஓவியப் பள்ளிகளில் பல காலமாகச் சொல்லித்தரும் முறை இது. படம் கோணல் மாணலாகத்தான் வரும். அதனால் நன்றாக வரையவில்லையே என்ற கவலை முதல் நாளே போய்விடுகிறது. பார்ப்பது மட்டும் மிஞ்சுகிறது.

அப்படி ஒரு நாள் அக்காவின் கையை வரைந்தேன். என்னைத் தூக்கி உட்காரவைப்பது, காலுறை மாட்டிவிடுவது எல்லாம் அந்தக் கைதான். விளிம்பில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனபோது சுண்டுவிரலின் கணு வீங்கியிருப்பது தெரிந்தது. "இது எப்போதிருந்து?" என்று கேட்டேன். "அது கிடக்கட்டும், உன்னைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்ததிலிருந்து லேசாக வலிக்குது" என்றாள் அக்கா. பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "இது என் கையா? யாரோ மிதிச்ச செருப்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். "உயிரோடு இருப்பதற்கு நன்றி" என்றபோது அசையாத மனம் அந்தக் கணுவைப் பார்த்ததும் அசைந்தது. எனக்கு நன்றி என்பது அந்த அளவில்தான் பிடிபட்டது. ஒரு விரல், ஒரு கணு, ஒரு வீக்கம்.

வரைய ஆரம்பித்ததும் மற்றவர்கள் வரைந்ததைப் பார்க்கும் ஆசை வந்தது. ஜார்ஜ் ஃபிரடெரிக் வாட்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1886-இல் 'நம்பிக்கை' என்ற தலைப்பில் வரைந்த படம் ஒன்று. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் உலக உருண்டைமேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் யாழ். அதில் ஒரே ஒரு நரம்பு தவிர மீதியெல்லாம் அறுந்துவிட்டன. அந்த ஒற்றை நரம்பின் ஒலியைக் கேட்கக் காதைச் சாய்த்திருக்கிறாள். தலைப்பைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தால் 'நிராசை' என்றுதான் பெயர் வைக்கத் தோன்றும், அந்தக் காலத்திலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

நம்பிக்கைக்கு ஏன் கண்ணைக் கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. பதில் ஈஸ்கிலஸ் என்ற பழைய கிரேக்க நாடக ஆசிரியரின் பெயரில் வழங்கும் புரோமித்தியஸ் நாடகத்தில் கிடைத்தது. புரோமித்தியஸ் மனிதர்களுக்கு நெருப்பைத் திருடிக் கொடுத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவன் இன்னொன்றும் செய்தானாம். மனிதர்கள் தங்கள் சாவை முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தி, அவர்களுக்குள் பார்வையற்ற நம்பிக்கைகளைக் குடிவைத்தான். வாட்ஸ் இந்த வரியை மனதில் வைத்து வரைந்தாரா என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. எதிர்காலம் நல்லபடியாக இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு நம்புவதாக இருந்தால் நான் இன்றும் படுக்கையில்தான் இருப்பேன். தெரியாமல் இருப்பதற்கும் ஒரு பயன் இருக்கிறது. "ஆறு மாதத்தில் எப்படி இருப்பேன்?" என்று மருத்துவரைக் குடைவதை நிறுத்திவிட்டு "இந்த வாரம் என்ன செய்யலாம்?" என்று கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஓவியர் வான் கோவின் பாதாம் பூக்கள் படத்தையும் சொல்ல வேண்டும். 1890 பிப்ரவரியில், சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது அதை வரைந்தார். ஜனவரி கடைசி நாளில் தம்பி தியோவுக்கு மகன் பிறந்து, பெரியப்பாவின் பெயரையே குழந்தைக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்காக வரைந்தது. குளிர் முழுதாக விலகும் முன்பே பூக்கும் மரத்தின் கிளைகள், பின்னால் நீல வானம். அதே வருடம் ஜூலையில் அவர் இறந்துவிட்டார் என்பது தெரிந்தே நாம் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். கலை அவரைக் காப்பாற்றவில்லை. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இன்னாருக்கு என்று வரைந்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம், எவ்வளவு கோணலாக வந்தாலும் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் அது யாருக்கு என்று ஒரு பெயர் எழுதுவது. பெயர் எழுத முடியாத படங்களில் எனக்கும் ஈடுபாடு இருந்ததில்லை என்பது பின்னால் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

சரி, பேச்சுப் போட்டிக்கு வருகிறேன்.

தோழி ஒருத்தி டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பில் உறுப்பினர். 1924-இல் கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கச் சங்கங்கள் இருக்கின்றன, தமிழில் நடப்பவையும் உண்டு. அவள் கூப்பிட்டபோது எனக்கு மேடை ஆசை எதுவும் இல்லை. அவர்களுடைய முக்கியமான போட்டியில் ஐந்து முதல் ஏழு நிமிடம் பேச வேண்டும் என்றாள். ஏழு நிமிடம் நிற்பது அப்போது என் பிசியோதெரபிஸ்ட் எனக்கு வைத்திருந்த இலக்குக்குக் கிட்டத்தட்ட சமம். பேச்சு எப்படியோ போகட்டும், நின்றால் போதும் என்று போனேன்.

விதிகள் எனக்குப் பிடித்துவிட்டன. ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலோ ஏழரையைத் தாண்டினாலோ எவ்வளவு அருமையாகப் பேசியிருந்தாலும் போட்டியிலிருந்து வெளியே. ஒருவர் பேசி முடித்ததும் ஒரு நிமிடம் முழு அமைதி, நடுவர்கள் மதிப்பெண் போட. இன்னொரு விதிதான் என்னைப் புரட்டிப் போட்டது: மற்றவர்களுடைய எழுத்தை மேற்கோள் காட்டுவதோ தழுவிச் சொல்வதோ பேச்சில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

என்னிடம் அனுமன் இருந்தான், ஜாம்பவான் இருந்தார், ஃபிலொக்டீடிஸ் இருந்தான், வாட்ஸ் இருந்தார். அவர்களை வைத்தே ஏழு நிமிடத்தை ஓட்டிவிடலாம். இந்த விதிப்படி அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் நிமிடம்தான். மீதி ஐந்தேகால் நிமிடம் நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புராணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகம் என்பது அப்போது புரிந்தது. அனுமன் அழுதான் என்று சொல்வது சுலபம். நான் அழுதேன் என்று சொல்லக் குரல் எழும்பவில்லை.

எழுத உட்கார்ந்தபோது முதல் வரைவில் "எனக்கு உதவிய அனைவருக்கும்" என்று ஒரு வரி. எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த உறுப்பினர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "அனைவரும்னா யாரும் இல்லைன்னு அர்த்தம். ஒரு ஆளைச் சொல்லுங்க, அவர் செஞ்ச ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். யோசித்தேன். மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர் நினைவுக்கு வந்தார். வார்டுக்குள் வரும்போது பெரிய விளக்கைப் போட மாட்டார். கையிலிருக்கும் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி வருவார், யார் கண்ணிலும் வெளிச்சம் படக் கூடாது என்று. தூங்காமல் கிடந்த எனக்கு அந்தச் சின்ன வட்டம் தரையில் நகர்ந்து வருவதைப் பார்ப்பது பிடிக்கும். இதைப் பேச்சில் சொல்ல நாற்பது விநாடிதான் ஆனது. பேச்சு முடிந்து எல்லோரும் என்னிடம் வந்து பேசியது அந்த நாற்பது விநாடியைப் பற்றித்தான். அனுமனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு நிமிடத்தில் மூன்று பேருக்குமேல் இடமில்லை. வெட்டுவது கஷ்டமாக இருந்தது. வெட்டப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினேன், கையால். பேச்சுக்காகச் செய்த வேலை வீணாகவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன எழுத வேண்டும் என்பது ஏற்கெனவே தயாராக இருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேடை ஏறாவிட்டாலும் பரவாயில்லை, ஏழு நிமிடப் பேச்சாக ஒரு தடவை எழுதிப் பாருங்கள். கால அளவு இருந்தால் பொதுவான சொற்கள் தானாக உதிர்ந்துவிடும்.

கதையை எப்படிப் பேச்சில் வைப்பது என்பதற்கும் அனுமனே வாத்தியார். "கண்டேன் சீதையை" என்று சுருக்கமாகச் செய்தி சொன்னதைத் தமிழ் மேடைகளில் சொல்லாதவர் இல்லை, நடுவர்களுக்கு அலுத்திருக்கும். (கம்பர் சொன்னது "கண்டனென் கற்பினுக்கு அணியை" என்பது வேறு விஷயம்.) அதைவிட நல்ல பாடம் அசோக வனத்தில் இருக்கிறது. மரத்தில் இருந்த அனுமன் உடனே குதித்து மோதிரத்தை நீட்டவில்லை. திடீரென்று தோன்றினால் ராவணனின் மாயம் என்று சீதை பயப்படுவாள், எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எந்த மொழியில் பேசுவது என்று வால்மீகியில் அவன் நீளமாக யோசிக்கிறான். கடைசியில் ராமனின் கதையை அவள் காதில் விழும்படி மெதுவாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். முதலில் கதை. மோதிரம் வெகு நேரம் கழித்து. நம்பிக்கை இழந்தவரிடம் ஆதாரத்தை எடுத்தவுடனே நீட்டினால் அவர் அதையும் சந்தேகப்படுவார். நானும் அப்படித்தான் இருந்தேன், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மருத்துவரையே நம்பவில்லை.

அணில் கதையைப் பேச்சில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேது கட்டியபோது அணில் உதவியது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டு போக, அணில் நீரில் முங்கி மணலில் புரண்டு ஓடுகிறது, அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் வருந்துகிறார். முதுகில் மூன்று கோடு போட்டது அந்தப் பாட்டில் கிடையாது. "வால்மீகி சொல்கிறார்" என்று தொடங்கிவிட்டு, நடுவர் வரிசையில் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் முடிந்தது கதை. தவிர, உண்மையான பாட்டு இன்னும் நன்றாக இருக்கிறது. அங்கே அணிலுக்குப் பரிசே இல்லை.

போட்டியில் என்ன ஆனது என்றால், சங்க அளவில் ஜெயித்தேன், அடுத்த கட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

எனக்கு அதிகம் கொடுத்தது இன்னொரு போட்டி. மதிப்பீட்டுப் போட்டி என்று ஒன்று நடத்துகிறார்கள். யாரோ ஒருவர் வந்து ஒரு பேச்சுப் பேசுவார். போட்டியாளர்கள் எல்லோரும் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பிறகு வெளியே அனுப்பி ஐந்து நிமிடம் யோசிக்கக் கொடுப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து அந்தப் பேச்சாளரைப் பற்றி இரண்டிலிருந்து மூன்று நிமிடம் பேச வேண்டும். எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம், எப்படி மாற்றலாம். இது ஜாம்பவானின் வேலை என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நாளானது.

"அருமையாகப் பேசினீர்கள்" என்று தொடங்குபவர்கள் இதில் தேறுவதில்லை. அது எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். "அம்மா கதவைத் திறந்தாள் என்று சொன்ன இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தினீர்கள். அந்த இடைவெளியில் அறையில் எல்லோரும் கதவைப் பார்த்தோம்" என்று சொன்னால் பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கே அப்போதுதான் தெரியும், தான் அப்படிச் செய்தோம் என்று. குறை சொல்லும்போதும் அதே கதைதான். "குரலை மாற்றுங்கள்" என்றால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? "கடைசி வாக்கியத்துக்கு முன் ஒரு மூச்சு எடுங்கள்" என்றால் நாளைக்கே செய்யலாம். குறையாக ஒன்றுக்குமேல் நான் சொல்வதில்லை. மூன்று சொன்னால் மூன்றும் மறந்துபோகும்.

இந்தப் பழக்கம் வெளியிலும் தொற்றிக்கொண்டது. வேலை போன நண்பர் ஒருவர் போனில் புலம்பியபோது "கவலைப்படாதே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவர் முன்பு ஒரு சிக்கலான பொறுப்பை எப்படி முடித்துக் கொடுத்தார் என்று எனக்குத் தெரிந்த விவரத்தோடு சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதை நீ இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?" என்றார். இன்னொருவருடைய கதையைத் துல்லியமாக ஞாபகம் வைத்திருப்பது எனக்கு இப்போது நம்பிக்கையின் பாதி வேலை என்று தோன்றுகிறது. மீதிப் பாதி அவர்கள் செய்ய வேண்டியது.

நன்றியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. நோயில் எனக்கு உதவிய ஒருவர் அப்புறம் எல்லா விஷயத்திலும் நான் அவருக்குத் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார். மறுத்தால் நன்றி கெட்டவர் ஆகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு. அப்போது கும்பகர்ணனை மறுபடி படித்தேன். கம்பனில் தம்பி விபீஷணன் வந்து ராமன் பக்கம் அழைக்கும்போது, நீர்மேல் போட்ட கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, என்னை இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வர மாட்டேன் என்கிறான். நன்றிக்கு உதாரணமாக மேடைகளில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே அவன் ராவணனின் அவையில், நீ செய்தது தவறு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அந்தப் பாதியை மேடையில் விட்டுவிடுகிறார்கள். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். உதவியதற்கு நன்றி சொன்னேன், இதில் உங்களோடு உடன்பாடில்லை என்றும் சொன்னேன். உயிரைக் கொடுக்கும் இரண்டாவது பாதி காவியத்துக்கு அழகு, எனக்கு வேண்டாம். உறவு கொஞ்ச நாள் விறைத்துக்கொண்டிருந்து பிறகு பழையபடி ஆனது.

இதைப் படித்துவிட்டுத் தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கதையைத் தேடும்போது நாயகனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். ஜாம்பவான் எனக்கு அப்படித்தான் கிடைத்தார். வரைவதற்கு ஒரு பென்சிலும், யாராவது பத்து நிமிடம் அசையாமல் வைத்திருக்கச் சம்மதிக்கும் கையும் போதும். பேச்சைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை தன் குரலைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, மூன்றாவது தடவையில் பழகிவிடும். பக்கத்தில் சங்கம் எதுவும் இல்லையென்றால் மூன்று பேர் சேர்ந்தால் ஆயிற்று. ஒருவர் பேச, ஒருவர் மதிப்பிட, ஒருவர் நேரம் பார்க்க. நேரம் பார்ப்பவர் மட்டும் கறாரான ஆளாக இருக்கட்டும். நெருங்கிய சொந்தக்காரரை அங்கே உட்காரவைத்தால் ஏழு நிமிடம் எப்போது பதினைந்தானது என்றே தெரியாது.